கலிலியோவையும் இப்படித்தானே ஒதுக்கினார்கள்?

கேள்வி: ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கை தவறு என்று நிரூபித்துவிட்டதாக எங்கள் ஊர்க்காரர் ஒருவர் சொல்கிறார். பேராசிரியர்கள் அவர் புத்தகத்தைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. கலிலியோவையும் சந்திரசேகரையும் இப்படித்தானே ஒதுக்கினார்கள்? நாளை இவரையும் உலகம் கொண்டாடலாம் அல்லவா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: கலிலியோவைத் தண்டித்தது வானியலாளர்கள் அல்ல. 1610 ஜனவரி 7 இரவு, வியாழனுக்கு அருகில் மூன்று சிறு புள்ளிகளைத் தொலைநோக்கியில் பார்த்தார். கிழக்கே இரண்டு, மேற்கே ஒன்று. மறுநாள் மூன்றும் மேற்கே இருந்தன. ஒரு வாரத்துக்குள் நான்காவதும் தென்பட்டது. அவை வியாழனைச் சுற்றும் நிலவுகள். இரவு இரவாகப் படம் வரைந்து, இரண்டே மாதத்தில் அச்சிட்டுவிட்டார். சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள். ஆனால் 1611-இல் ரோமில் ஏசு சபை என்ற கத்தோலிக்கத் துறவியர் சபையின் கல்லூரி வானியலாளர்களே தாங்களும் பார்த்துவிட்டு, உள்ளதுதான் என்று ஒப்புக்கொண்டார்கள். 1633-இல் பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்னதற்காக அவரை மண்டியிட வைத்தது திருச்சபையின் விசாரணை மன்றம். சாகும்வரை வீட்டுக்காவல். உங்கள் ஊர்க்காரரோ புத்தகம் போட்டிருக்கிறார், விரும்பியதைப் பேசுகிறார். பதில் வராததைக் கொடுமை என்று சொல்லக் கூடாது.

வானியற்பியலாளர் சந்திரசேகர் விஷயம் வேறு. அங்கே தவறு அறிவியலாளர்கள் பக்கம்தான். 1935 ஜனவரி 11, லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டம். 24 வயது இளைஞரான அவர், வெண்குறுமீனின் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன விண்மீனின்) நிறைக்கு ஒரு வரம்பு உண்டு என்று கணக்கோடு சொல்லிவிட்டு அமர்ந்தார். அடுத்துப் பேசிய புகழ்பெற்ற வானியலாளர் எடிங்டன் அதை அபத்தம் என்றார், அவையில் சிரிப்பு. படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. பௌலி போன்ற பெரிய இயற்பியலாளர்கள் கணக்கு சரி என்று தனியாகச் சொன்னார்கள், சபையில் சொல்லவில்லை. அதற்காக அவர் ‘நானும் கலிலியோ’ என்று கிளம்பவில்லை. 1939-இல் எல்லாவற்றையும் சமன்பாடு சமன்பாடாக நூலில் எழுதி வைத்துவிட்டு அடுத்த ஆராய்ச்சிக்குப் போய்விட்டார். யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கும்படி அந்தக் கணக்கு இருந்தது. சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு என்ற அந்த வரம்பு இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு, பலர் சொல்வதில்லை. பூமி சுற்றுவதற்குக் கடல் ஏற்ற இறக்கம்தான் பெரிய சான்று என்று கலிலியோ 1632-இல் எழுதினார். அது தவறு. ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் நிலவும் சூரியனும் ஈர்ப்பதுதான். வீட்டுக்காவலில் கிடந்தவர் சொன்னது என்பதற்காக யாரும் அதை ஏற்கவில்லை.

உங்கள் ஊர்க்காரரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். புதன் கோளின் பாதை, மற்ற கோள்களின் இழுப்பையெல்லாம் கழித்த பிறகும், நூறு ஆண்டுக்கு 43 விநாடிக் கோணம் கூடுதலாகத் திரும்புகிறது. ஒரு பாகையை 3,600 ஆகப் பிரித்தால் அதில் 43 பங்கு. நியூட்டனின் விதியால் அதை விளக்க முடியவில்லை. ஐன்ஸ்டைன் 1915-இல் கணக்குப் போட்டுக் காட்டினார். இவருடைய கொள்கையில் அந்த 43 வருகிறதா? வந்தால் அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். இயற்பியல் படித்தவர்களிடம் நானே கொண்டுபோய்க் காட்டுகிறேன்.