மருந்தும் முறிவும்

வணக்கம் ஐயா,
ஈ.கோலை பாக்டீரியாவை வைத்து ஒரு சிறுகதை எழுதுகிறேன். ஒரு வகை, நஞ்சை வெளியிட்டுப் பக்கத்து வகையைக் கொல்கிறது. அதற்காகத் தானே வெடித்துச் சாகிறது. இது தியாகம்தானே? அந்த நஞ்சு சொந்தக் கூட்டத்தை ஏன் கொல்வதில்லை? அதன் பெயரான கொலிசினுக்குத் தமிழ்ச் சொல் உண்டா?
வாசகர், செந்தூல்

அன்புள்ள தம்பி,

கொலிசின் என்றே எழுதுங்கள், யாரும் அடிக்க வரமாட்டார்கள். ஒரு ஈ.கோலை இன்னொன்றைக் கொல்வதை பெல்ஜியத்தின் ஆந்த்ரே கிராசியா 1925இல் சொன்னார். பெயர் பிறகுதான் வந்தது.

நஞ்சுக்கும், அதை அடக்கும் முறிவுக்கும் உரிய மரபணுக்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. கொலிசின்களில் ஒன்றான இ9, டி.என்.ஏ.வை வெட்டும். உருவானதுமே, 86 அமினோ அமிலங்கள் மட்டுமே உள்ள ஒரு சின்னப் புரதம் அதன் வெட்டும் பகுதியைப் பிடித்துக்கொள்கிறது. அதுதான் முறிவு. புரதங்களுக்கிடையே நாம் அறிந்த மிக இறுக்கமான பிடிகளில் அதுவும் ஒன்று. இரண்டும் ஜோடியாகவே வெளியே போகும். எதிரிக்குள் நுழையும்போதுதான் பிடி விடும். கூடப்பிறந்தவற்றிடமும் அதே முறிவு இருப்பதால் அவை பிழைத்துக்கொள்கின்றன. இதில் என்னைத் தூங்கவிடாத விஷயம் வேறு. நஞ்சு தயாராகாத நாளிலும் முறிவு கொஞ்சம் தயாராகிக்கொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சிக்கு இருக்கிற முன்யோசனை!

என் அம்மா மலேசியாவின் கெடாவில் ஒரு தோட்டத்தில் மருந்தடித்தவர். அது களைக்கொல்லி; பாராகுவாட் என்ற அதன் பெயர் தொழிலாளர் லயத்தில் யாருக்குத் தெரியும்? எல்லாருக்கும் அது மருந்து. முதுகில் பம்பு, கையில் ஒன்றும் கிடையாது. நகங்கள் வெளுத்து ஒவ்வொன்றாய்க் கழன்றன. சோறு பிசைந்தால் விரல்நுனி எரியும் என்று கரண்டியால் சாப்பிட்டார். "அம்மா துரைசானி மாதிரி சாப்பிடுது" என்று நானும் தங்கச்சியும் சிரிப்போம். அவரும் சிரிப்பார். பினாங்குப் பக்கம், பட்டர்வொர்த் பிளாட்டுக்கு வந்து நகமெல்லாம் வளர்ந்த பிறகும் அம்மா கரண்டியை விடவில்லை.

அந்த மருந்துக்கு முறிவு கிடையாது. இன்றைக்கும் கிடையாது. அரசு 2002இல் தடுக்கப் பார்த்தது, 2006இல் தளர்த்தியது, 2020 ஜனவரி 1இல்தான் முழுதாகத் தடை செய்தது.

தோட்டத்துத் தொழிலாளர் தினத்தில் மேடையேறிய பெரிய மனிதர் "உங்கள் தியாகம்" என்றார். ஒரு ஜோடி கையுறை வாங்கிக் கொடுத்ததில்லை. அந்தச் சொல்லையா தம்பி எனக்கு அனுப்புகிறீர்கள்? டி.என்.ஏ. சேதமானால் பாக்டீரியாவுக்குள் அபாய மணி அடிக்கும். கூட்டத்தில் சிலவற்றில் மட்டும் நஞ்சும், உடலை உடைக்கும் இன்னொரு புரதமும் சேர்ந்து உருவாகும். உடையும், அவ்வளவுதான். அது கையைத் தூக்கி "நான் போகிறேன்" என்று சொன்னதை நீங்கள் பார்த்தீர்களா? என் அம்மாவும் சொல்லவில்லை. காலையில் பெரட்டில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், பெயர் கூப்பிட்டார்கள், போனார்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். பாக்டீரியாவை வைத்துக் கதை எழுத ஓர் இளைஞர் உட்கார்ந்திருக்கிறார் என்பதே எனக்குச் சந்தோஷம். முடித்து அனுப்புங்கள். முதல் பக்கத்தை மட்டும் மாற்றுங்கள்: நஞ்சில் தொடங்காமல், அந்த 86இல் தொடங்கிப் பாருங்கள்.