பரணில் கிடைத்த கேமரா

கேள்வி: தாத்தாவின் ஸ்டில் கேமரா பரணில் கிடைத்தது. அதைக் கையில் எடுத்ததிலிருந்து, பத்து நிமிடக் குறும்படம் ஒன்றை பிலிமிலேயே எடுக்க ஆசை. நண்பர்கள், ‘போன்லயே எடுடா’ என்கிறார்கள். நீங்கள் பிலிமில் எடுப்பவர், என்ன சொல்கிறீர்கள்?
– கல்லூரி மாணவர், காவேரிப்பட்டணம்

பதில்: முதலில் கணக்கு. 16 எம்.எம். சினிமா பிலிமில் 100 அடிச் சுருள், நொடிக்கு 24 பிரேம் ஓடினால், இரண்டே முக்கால் நிமிடத்தில் காலி. காட்சிக்கு நாலு டேக் என்று வைத்தால் உங்கள் படத்துக்கு 15 சுருள் வேண்டும். ஊட்டியில் ‘இந்து’ பிலிம் தயாரித்த காலம் போயே போச்சு, இப்போது இறக்குமதிதான், விலையும் அப்படி. அதனால் குறும்படத்துக்கு நண்பர்கள் சொல்வதுதான் சரி.

அதற்காகக் கேமராவைத் திரும்பப் பரணில் போட்டுவிடாதீர்கள். பின்கதவைத் திறந்து ஓரத்து ஸ்பாஞ்சைத் தொட்டுப் பாருங்கள். விரலில் கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டினால் மாற்றியாக வேண்டும், இல்லையென்றால் அந்த வழியாக வெளிச்சம் புகுந்துவிடும். அப்புறம் 36 படம் எடுக்கும் கறுப்பு வெள்ளை ரோல் ஒன்று வாங்கி, கழுவுவதையும் நீங்களே செய்யுங்கள்.

அங்கேதான் நம்ம ஊர் வெயில் வேலையைக் காட்டும். பிலிம் கழுவும் மருந்தான டெவலப்பர் 20 டிகிரியில் இருக்க வேண்டும் என்று பாக்கெட்டில் போட்டிருக்கும், சித்திரையில் மாடி டேங்க் தண்ணீரோ குழாயைத் திறந்தால் கையைச் சுடும். அந்தத் தண்ணீரிலேயே மருந்தைக் கலக்கி நான் கழுவிய முதல் ரோல், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அடுப்புக்கரி மாதிரி இருந்தது. தங்கை கல்யாணத்துக்கு எடுத்த ரோல் அது, வீட்டில் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள். குண்டானில் ஐஸ் கட்டியைப் போட்டு, மருந்து பாட்டிலை அதற்குள் உட்கார வையுங்கள். ஐஸை மருந்துக்குள்ளேயே போட்டால் நீர்த்துப் போகும். தெர்மாமீட்டர் இல்லாமல் இறங்க வேண்டாம்.

கேள்வி: ஒகேனக்கல்லில் பிலிமில் எடுத்த படங்களில் அருவி பரவாயில்லை, பாறையும் பரிசல்காரர் முகமும் ஒரே இருட்டு. ஏன்?
– வாசகி, பென்னாகரம்

பதில்: வெள்ளை நுரையைப் பார்த்து, வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் ஏமாந்திருக்கிறது. அடுத்த முறை மீட்டரைப் பாறையின் நிழல் பக்கம் காட்டுங்கள். நிழலைப் பார்த்தால் அது வெளிச்சத்தைக் கூடுதலாகவே கேட்கும், அதனால் அது சொல்வதைவிட ஒரு ஸ்டாப் குறைத்து, அதாவது பாதி வெளிச்சத்தில் எடுங்கள். நுரை கொஞ்சம் வெளுத்தாலும் நெகட்டிவ் பிலிம் தாங்கிக்கொள்ளும். பரிசலில் ஏறுமுன் கேமராவைப் பாலிதீன் பையில் போட்டுக்கொள்ளுங்கள், சாரல் லென்ஸில் அடித்தால் துடைத்து மாளாது.