முடிந்துபோன வருமான வரிக் கணக்கை மறுபடி திறக்கிறார்களா? உங்களுக்கு உள்ள பாதுகாப்பு

கணக்கு தாக்கல் செய்து முடிந்த ஆண்டில் ஏதோ வருமானம் விடுபட்டது என்று வரித்துறை கருதினால், அதை மறுபடி எடுத்துப் பார்க்கலாம். இதுதான் மறுமதிப்பீடு. இந்த அதிகாரத்துக்குக் கடிவாளம் இல்லையென்றால் யாருக்கும் எந்த ஆண்டுக் கணக்கும் முடிந்ததாக ஆகாது.

அதற்காகத்தான் 1961 வருமான வரிச் சட்டத்தில் 148ஏ பிரிவை 2021-இல் சேர்த்தார்கள். மறுமதிப்பீட்டைத் தொடங்கும் 148 நோட்டீஸ் அனுப்புவதற்கு முன், பொதுவாக, 148ஏ நோட்டீஸ் மூலம் கையிலிருக்கும் தகவலைக் காட்டி விளக்கம் கேட்க வேண்டும். பதிலைப் பரிசீலித்து, மேலதிகாரியின் முன் ஒப்புதலோடு உத்தரவு போட வேண்டும்.

கடைக்காரர் மறுநாள் வந்து "பாக்கி இருக்கு" என்றால், "எந்தப் பொருளுக்கு? பில்லைக் காட்டுங்க" என்போமே, அதேதான். வங்கியில் போட்ட 12 லட்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், நிலம் விற்ற பத்திரத்தையும் பாஸ்புக் பக்கத்தையும் இணைத்துக் கெடுவுக்குள் பதில் போடுங்கள். (சும்மா இருப்பதுதான் பலர் செய்யும் தப்பு.)

காலவரம்பும் உண்டு. 2024 செப்டம்பர் 1 முதல், மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்து 3 ஆண்டு 3 மாதத்துக்குள் 148 நோட்டீஸ் வர வேண்டும். விடுபட்டது 50 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ என்றால் 5 ஆண்டு 3 மாதம்.

148ஏ நோட்டீஸ் வந்தாலே வரி கட்டியாக வேண்டும் என்று பலர் பயப்படுகிறார்கள். அது வரிக் கோரிக்கை அல்ல, விளக்கம் கேட்கும் கடிதம்.