குசினிப் புகைக்கூடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

புகை வெளியே போக வழி வைக்கிறோம். போன புகையின் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வழி வைப்பதில்லை. கீழே உள்ள கேள்விகளில் பலவற்றுக்கு இதுவே வேர்.

புதுக் குசினியில் 4 அங்குலப் புகைக்கூடு வைத்தோம். மாரியில் நன்றாக இழுத்தது. சோளகம் தொடங்கினதும் புகை முழுக்க உள்ளே திரும்புது. குழாயை மாற்ற வேணுமா? (உருத்திரபுரம்)

குழாயில் கை வைக்க முதல் வாசல் எந்தப் பக்கம் என்று பாருங்கள். சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும். அந்தப் பக்கச் சுவரைக் காற்று அழுத்தும், எதிர்ப்பக்கமான வடகிழக்குச் சுவரில் உறிஞ்சும். குசினியின் ஒரே வாசல் வடகிழக்கில் இருந்தால் உள்ளேயிருக்கும் காற்று அதன் வழியே வெளியே இழுபடும். அதை ஈடுசெய்யக் காற்று வேறு எங்காலும் வர முடியாததால் புகைக்கூட்டுக்குள்ளால் கீழே இறங்கும். வாடைக் காலத்தில் அதே வாசலால் காற்று உள்ளே வந்தது, மாரியில் நன்றாக இழுத்ததன் காரணம் அதுதான்.

நெருப்பு இல்லாத நேரம் அடுப்பு வாயில் ஒரு ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை உங்கள் பக்கம் வந்தால் வாசல் கதவைச் சாத்தி, தென்மேற்கு யன்னலைத் திறந்து மறுபடி பிடியுங்கள். இப்போது புகை அடுப்புக்குள் இழுபட்டால் குழாயில் பிழை இல்லை.

தென்மேற்குச் சுவரில் ஒரு காற்றுத் துவாரம் வைத்துவிடுங்கள். 4 அங்குலக் குழாயின் வாய்ப்பரப்பு ஏறத்தாழ 12½ சதுர அங்குலம். துவாரம் அதற்குக் குறையவே கூடாது. கம்பிவலை மறைக்கும் பங்கையும் சேர்த்து 4 அங்குலத்துக்கு 5 அங்குலமாக வெட்டினால் போதும். நிலத்திலிருந்து அரையடி உயர்த்தி வைத்தால் மழைத்தண்ணி ஓடி வராது. பாம்பும் எலியும் நுழையாமல் கால் அங்குலக் கண் உள்ள வலை கட்டாயம். அடுப்பு வாய்க்கு நேரே வைக்காதீர்கள்: காற்று நேரே அடித்தால் சுவாலை பானையின் அடியை விட்டு விலகும், விறகும் வீணாகும். ஒரு அடி தள்ளி வையுங்கள். வாடைக் காலத்தில் இந்தத் துவாரம் உறிஞ்சும் பக்கமாகிவிடும், அப்போது பலகையால் மூடிவிட வேண்டும்.

அதற்குப் பிறகும் புகை திரும்பினால்தான் உயரத்தைப் பாருங்கள். கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து 3 அடி உயரம் வேண்டும். 10 அடிக்குள் முகடோ சுவரோ இருந்தால் அதையும் விட 2 அடி உயர வேண்டும். மேல் தொப்பிக்கும் குழாய் வாய்க்கும் இடையில் 2 அங்குலமாவது விடுங்கள். தொப்பியை அமுக்கி வைத்ததால் மட்டும் கெட்டுப்போன புகைக்கூடுகள் நிறைய.

விடிய மூட்டும்போது மட்டும் புகை வருது. பிறகு சரியாகிவிடுது. ஏன்? (விசுவமடு)

குழாய்க்குள் இருக்கும் காற்று வெளிக்காற்றை விடச் சூடாக இருந்தால்தான் மேலே ஏறும். விடியற்காலையில் இரண்டும் ஒரே சூடு. குழாயின் அடியில் உள்ள துப்புரவு வாயைத் திறந்து, காய்ந்த தென்னோலை ஒரு பிடியை அங்கே கொளுத்துங்கள். குழாய் சூடேறினதும் வாயை மூடி, அடுப்பை மூட்டலாம். துப்புரவு வாய் வைக்காமல் கட்டியிருந்தால் இப்போதே ஒன்று வையுங்கள், சாம்பல் எடுக்கவும் அதுவே வழி.

ஹாட்வெயார் கடையில் பிவிசி குழாய்தான் மலிவு. பாவிக்கலாமா? கல்வனைஸ் எப்படி? (மல்லாவி)

பிவிசி கூடவே கூடாது. 80 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகும், எரிந்தால் ஐதரசன் குளோரைட்டு வாயு வரும். கல்வனைஸ் தகரக் குழாய் மேற்பகுதிக்குச் சரி. ஆனால் அதன் நாகப்பூச்சு (சிங்க் உலோகப் பூச்சு) 200 பாகைக்கு மேல் நெடுநாள் நிலைக்காது, 419 பாகையில் நாகம் உருகியே விடும். ஆகவே அடுப்பிலிருந்து முதல் 3 அடியைச் செங்கல்லால் புற்றுமண் சாந்து வைத்துக் கட்டுங்கள். சீமெந்துச் சாந்து நெருப்புக்குக் கிட்ட நீரை இழந்து பொடிந்துவிடும்.

மாரியில் மூட்டுகளிலிருந்து கறுப்புத் தண்ணி வடியுது. சுவரெல்லாம் கறை. (ஒட்டுசுட்டான்)

அது விறகுத் தார். ஈர விறகு எரியும்போது சூட்டில் ஒரு பங்கு தண்ணியை ஆவியாக்கவே போகும். புகை குளிர்ந்து, நீராவியும் தாரும் குழாய்ச் சுவரில் படியும். வடிவது குழாய்களைத் தலைகீழாகப் பொருத்தியதால். மேல் குழாயின் நுனி கீழ்க் குழாய்க்கு உள்ளே போக வேண்டும். அப்போது வடிவது உள்ளேயே ஓடி அடுப்பில் எரியும். இதைக் கழற்றித் திருப்பிப் பொருத்த வேண்டும். வெளியால் சீமெந்து பூசி மறைத்தால் அடுத்த மூட்டால் வடியும்.

மாரிக்குரிய விறகைச் சோளகக் காலத்திலேயே பிளந்து, நிலத்தில் படாமல் கட்டை மேல் அடுக்கி, மேலே மட்டும் மூடுங்கள், பக்கங்களால் காற்று ஓடட்டும். ஈரம் 20 வீதத்துக்குக் கீழ் வந்தால் போதும். இரண்டு கட்டைகளைத் தட்டினால் மந்தமாக ஒலிப்பது ஈரம், கணீரென்பது காய்ந்தது. குழாய்க்குள் தார் கால் அங்குலம் தடித்தால் உள்ளேயே தீப்பிடிக்கலாம், அதற்கு முன் தும்புத் தூரிகையைக் கயிற்றில் கட்டி இழுத்துத் துப்புரவாக்குங்கள்.

எங்களுடையது கிடுகுக் கூரை. குழாயை எப்படிக் கொண்டு போவது? (முள்ளியவளை)

கிடுகுக்கு ஊடாகக் கொண்டு போகவே வேண்டாம். ஒற்றைத் தகரக் குழாய்க்கும் எரியக்கூடிய எதற்கும் இடையில் 18 அங்குலம் வேண்டும். காய்ந்த கிடுகுக்கு அதுவும் போதுமென்று நம்பிவிட முடியாது. குழாயைச் சுவரால் வெளியே எடுங்கள்: கிடைப்பகுதி 2 அடிக்கு மேல் வேண்டாம், அதுவும் வெளிப்பக்கம் உயர்ந்து போகட்டும். நேர்க்கோண வளைவு ஒன்றுக்குப் பதில் 45 பாகை வளைவு இரண்டு வைத்தால் இழுவை அவ்வளவு குறையாது. பொறி விழும் பக்கக் கூரையை மட்டுமாவது தகரமாக்குங்கள். அதற்கு வசதி வரும் வரை அடுப்பை வெளியே தனிக் கொட்டிலில் வைப்பதே பாதுகாப்பு.

அஸ்பெஸ்டஸ் சீற்றில் துளை போடலாமா? (வவுனியா)

கிரைண்டரால் வெட்டாதீர்கள், அந்தத் தூசு நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கும். அந்த ஒரு சீற்றை நனைத்து, உடையாமல் கழற்றி, தகரச் சீற் போடுங்கள். தகரத்தில் குழாயைச் சுற்றி அரை அங்குலம் விட்டுத் துளையுங்கள், சூட்டில் குழாய் விரியும். அந்த இடைவெளியைச் சீமெந்தால் அடைத்தால் வெடிக்கும். குழாயில் இறுக்கிய கூம்புத் தகரம் மேலிருந்து மூடினால் ஒழுகாது.

கனடாவில் மகன் பெலட் அடுப்பு வாங்கியிருக்கிறார். அதற்கும் இதே முறையா? (புதுக்குடியிருப்பு)

இல்லை. பெலட் என்பது அழுத்திச் செய்த மரத்தூள் குச்சி. அதை எரிக்கும் அடுப்பில் விசிறி புகையைத் தள்ளும். மூட்டில் சிறு நீக்கல் இருந்தாலும் புகை அறைக்குள் வரும். பெலட்டுக்கென்றே விற்கும் இரட்டைச் சுவர்க் குழாயை வாங்கி, தயாரிப்பாளர் சொன்னபடி மூட்டுகளைச் சூடு தாங்கும் சிலிக்கனால் அடைக்க வேண்டும். வெளியே எடுத்ததும் சில அடி செங்குத்தாக உயர்த்தினால் மின்சாரம் நின்றாலும் மிச்சப் புகை தானாக ஏறும். வெளிக்காற்றை அடுப்புக்குக் கொண்டுவரத் தனி உலோகக் குழாய் வேண்டும், இங்கும் பிவிசி ஆகாது. அது இல்லாவிட்டால், இறுக்கமாக அடைத்த குளிர்நாட்டு வீட்டில் சமையல் விசிறி ஓடும்போது அடுப்புக்குக் காற்றுத் தட்டுப்படும். யன்னல், கதவிலிருந்து விட வேண்டிய தூரத்தை அடுப்புடன் வரும் கையேட்டில் பார்த்தே துளைக்கச் சொல்லுங்கள். படுக்கையறைக்குக் கிட்ட காபனோரொட்சைட்டு எச்சரிப்பான் ஒன்றும் பூட்டட்டும், அந்த நச்சு வாயுவுக்கு மணமே இல்லை.