பிரான்ஸ் கிராமப்புறத்தில் ஐந்து இரவு: ஒரே பள்ளத்தாக்கு போதும்

கேள்வி: வரும் ஜூன் மாதம் குடும்பத்தோடு பாரிஸ் போகிறோம். அங்கே சுற்றிப் பார்த்த பிறகு ஐந்து இரவு கையில் இருக்கிறது. பழைய கோட்டை, கிராமம், சரித்திர இடங்கள் என்று நகரத்துக்கு வெளியே பார்க்க ஆசை. லுவார், நார்மண்டி, ப்ரோவான்ஸ் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அப்பாவுக்கு 71 வயது, முழங்கால் வலி. அம்மா சுத்த சைவம், முட்டையும் சாப்பிட மாட்டார். பையன் ஆறாம் வகுப்பு. என் கணவர் கார் ஓட்டுவார். எங்கே போகலாம், நாட்களை எப்படிப் பிரித்துக்கொள்வது? (கோவை வாசகி)

பதில்: அவர்கள் சொன்னதெல்லாம் நல்ல இடங்கள்தான். ஆனால் ஐந்து இரவுக்குள் மூன்று வட்டாரம் என்று கிளம்பினால் பாதி நேரம் நெடுஞ்சாலையில் போய்விடும். தினமும் பெட்டி கட்டுவது, அவிழ்ப்பது, மாடி ஏற்றுவது என்பதெல்லாம் அப்பாவின் முழங்காலுக்கு ஆகாது. லுவார் கோட்டைகள் அழகானவை. ஆனால் அவை ராஜாக்களும் பிரபுக்களும் கட்டிக்கொண்ட அரண்மனைகள். நீங்கள் கேட்பது கிராமப்புறம். அதனால் நான் சொல்வது ஒரே ஊர்: தென்மேற்கே தோர்தோன் மாவட்டத்தில் இருக்கும் சார்லா. ஐந்து இரவும் அங்கேயே தங்குங்கள். அந்த ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் சுற்றுக்குள், ஆதிமனிதன் வரைந்த குகையிலிருந்து இருபதாம் நூற்றாண்டுக் கதை ஒன்று நடந்த மாளிகை வரை எல்லாம் இருக்கிறது.

போகும் வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். பாரிஸ் ஆஸ்தர்லிட்ஸ் நிலையத்தில் ரயில் ஏறினால் ஏறக்குறைய நாலரை மணி நேரத்தில் பிரீவ் என்ற ஊர் வரும். அங்கே காரை வாடகைக்கு எடுத்துக்கொண்டால் சார்லாவுக்கு ஒரு மணி நேர ஓட்டம். பாரிஸிலிருந்தே கார் எடுக்க வேண்டாம், களைப்புதான் மிஞ்சும். பிரான்ஸில் வாடகைக் கார்களில் கியர் வண்டிகள்தான் அதிகம். உங்கள் கணவருக்கு ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் இப்போதே முன்பதிவு செய்யுங்கள், கடைசி நேரத்தில் கிடைக்காது. வண்டி வலப்பக்கம் ஓட வேண்டும், இடது கையால் இல்லாமல் வலது கையால் கியர் போட வேண்டும். முதல் அரை நாள் மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். நம் ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முடிந்தால் வெள்ளிக்கிழமை மாலை சார்லா போய்ச் சேரும்படி பாருங்கள். சனிக்கிழமை அங்கே பெரிய சந்தை. புதன்கிழமையும் உண்டு, ஆனால் சனிக்கிழமைதான் ஊர் முழுக்கக் கடை. தேன் நிறச் சுண்ணாம்புக் கல்லால் கட்டிய வீடுகள், நடுவில் குறுகிய சந்துகள். தலையைக் கொஞ்சம் தூக்கிக் கூரையைப் பாருங்கள். அவை ஓடு இல்லை. தட்டையான கற்களை ஆணி இல்லாமல் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். இந்தக் கல் கூரைக்கு லோஸ் என்று பெயர். ஒரு சதுர மீட்டர் கூரை ஏறக்குறைய அரை டன் கனக்கும். அந்தப் பாரத்தைச் சுவருக்கு இறக்கத்தான் கூரையை அவ்வளவு செங்குத்தாகவும், உள்ளே இருக்கும் ஓக் மரச் சட்டத்தை அவ்வளவு தடிமனாகவும் வைத்திருக்கிறார்கள்.

இந்த ஊர் இப்படி முழுசாக நிற்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1962-ல் கலாசார அமைச்சராக இருந்த ஆந்த்ரே மல்ரோ ஒரு சட்டம் கொண்டுவந்தார். அதுவரை தனித்தனிக் கட்டடத்துக்கு இருந்த பாதுகாப்பை, ஒரு பழைய நகரப் பகுதி முழுவதற்கும் கொடுத்த சட்டம் அது. அதன்படி முதலில் சீரமைத்த ஊர்களில் சார்லா முன்னால் நிற்கிறது. நீங்கள் நடக்கும் தெருவில் பாதி வீடுகள் அறுபது வருடம் முன்பு இடிந்து விழும் நிலையில் இருந்தவை.

சாப்பாட்டை இங்கேயே பேசிவிடலாம், ஏனென்றால் அம்மாவுக்கு இதுதான் பெரிய விஷயம். தோர்தோன் முழுக்க முழுக்க வாத்துச் சமையல் நாடு. ஆபத்து எங்கே என்றால், சைவம் மாதிரி தெரியும் சாப்பாட்டில்தான். "சார்லா உருளைக்கிழங்கு" என்று பொன்னிறமாகப் பூண்டு மணக்க வரும், பார்த்தால் நம் வீட்டு வறுவல் போலவே இருக்கும். அதை வறுப்பது வாத்துக் கொழுப்பில். சாலட் என்று கேட்டால் அதன் மேல் வாத்தின் இரைப்பையை வதக்கிப் போட்டிருப்பார்கள். அதனால் மூன்று சொற்றொடரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: "சான் வியாந்த்" என்றால் இறைச்சி இல்லாமல், "சான் புவாசோன்" என்றால் மீன் இல்லாமல், "சான் க்ரேஸ் த கனார்" என்றால் வாத்துக் கொழுப்பு இல்லாமல். முட்டைக்கு "சான் எஃப்". கேட்பதற்கு முன்னால் "போன்ஜூர்" சொல்ல மறக்காதீர்கள். அதைச் சொல்லாமல் எடுத்தவுடன் விஷயத்துக்கு வருவதை அங்கே மரியாதைக் குறைவாக நினைப்பார்கள். சொல்லிவிட்டுக் கேட்டால் முகமே வேறு.

ஆனாலும் ஓட்டலை நம்பி இருக்காதீர்கள். சமையலறையோடு இருக்கும் வாடகை வீடாகப் பாருங்கள், அதை ழீத் என்பார்கள். ஜூலை, ஆகஸ்டில் சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரை வாரக் கணக்கில்தான் பெரும்பாலும் தருவார்கள். ஜூனில் ஐந்து இரவுக்குக் கேட்டுப் பார்க்கலாம். தரைத்தளத்தில் ஒரு படுக்கையறை இருக்கிறதா, அடுப்பு இன்டக்‌ஷனா என்று முன்னாலேயே கேட்டுவிடுங்கள். பல வீடுகளில் கேஸ் கிடையாது, அடி பொருந்தாத குக்கரைச் சுமந்துகொண்டு போய்ப் பிரயோஜனமில்லை. அரிசி, பருப்பு, பொடி நீங்கள் கொண்டுபோங்கள். காய்கறி, வால்நட், ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, ஜூனில் ஸ்ட்ராபெர்ரி எல்லாம் சந்தையில் அருமையாகக் கிடைக்கும். வெளியே சாப்பிடும் நாளில் 12 மணியிலிருந்து 1:30-க்குள் உட்கார்ந்துவிடுங்கள். 2 மணிக்குப் பிறகு கிராமத்து ஓட்டலில் சமையல்கட்டு மூடிவிடும். திங்கட்கிழமை பல கடைகள் திறக்காது.

சரி, இப்போது குகைகள். இந்தப் பயணத்தின் உயிரே இதுதான். உங்கள் பையன் பாடப்புத்தகத்தில் படித்த ஆதிமனிதனை நேருக்கு நேர் சந்திக்கும் இடம்.

1940 செப்டம்பர் 12-ம் தேதி, மோந்தின்யாக் கிராமத்தில் நாலு பையன்கள் காட்டில் ஒரு துளை வழியாக உள்ளே இறங்கினார்கள். அவர்களில் மூத்தவன் மார்செல் ரவிதா, 18 வயது, வண்டிப் பட்டறையில் வேலை பழகிக்கொண்டிருந்தவன். விளக்கைத் தூக்கிப் பிடித்தபோது சுவரெல்லாம் காளைகள், குதிரைகள், மான்கள். அதுதான் லாஸ்கோ. ஐந்து மீட்டருக்கும் நீளமான காளை ஒன்றும் அங்கே உண்டு. ஏறக்குறைய 17,000 வருடமோ அதற்கும் மேலோ பழமையான ஓவியங்கள். 1948-ல் மக்களுக்குத் திறந்தார்கள். தினமும் ஆயிரம் பேருக்கு மேல் வந்தார்கள், அவர்கள் மூச்சும் உடல் சூடும் விளக்கு வெளிச்சமும் சேர்ந்து சுவரில் பச்சைப் பாசி பிடித்தது, வெள்ளைச் சுண்ணாம்புப் படலம் படர்ந்தது. 1963-ல் குகையை மூடிவிட்டார்கள். மூடச் சொன்னவரும் அதே மல்ரோதான்.

இன்று பொதுமக்கள் பார்ப்பது நகல். 2016 டிசம்பரில் மலையடிவாரத்தில் திறந்த லாஸ்கோ 4-க்குப் போங்கள். "நகலைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?" என்று கணவர் கேட்கலாம். குகையின் மேடு பள்ளம் உட்பட அளந்து செய்த நகல் அது. பாறையின் புடைப்பையே காளையின் தோளாக அதை வரைந்த ஆதிமனிதன் எப்படிப் பயன்படுத்திக்கொண்டான் என்பது படத்தில் தெரியாது, இங்கே தெரியும். அப்பாவுக்கும் கவலையில்லை, சக்கர நாற்காலியே போகும் பாதை. ஆங்கில வழிகாட்டியோடு போகும் நேரத்தைப் பார்த்து முன்கூட்டியே டிக்கெட் எடுத்துவிடுங்கள். ஞாயிறு காலை இதற்குச் சரியாக இருக்கும். உள்ளே குளிரும், ஜூன் என்று அம்மா சால்வையை வீட்டில் வைத்துவிட்டு வரக்கூடாது.

நகலைப் பார்த்துவிட்டு அடுத்த நாள் அசலுக்குப் போங்கள். இந்த வரிசை முக்கியம். முதலில் நகலில் கண் பழகிவிட்டால், அசலின் மங்கலான கோடுகள் தானாகப் பிடிபடும்.

உங்கள் அப்பாவுக்கென்றே சொல்லும் அசல் குகை ருஃபின்யாக். அங்கே நடக்க வேண்டியதில்லை, சின்ன மின்சார ரயிலில் உட்கார்ந்தபடி ஒரு கிலோமீட்டர் மலைக்குள் போகலாம். போகிற வழியில் வழிகாட்டி வண்டியை நிறுத்தி விளக்கைச் சுவரில் அடிப்பார். இணை இணையாகக் கீறல்கள். குகைக்கரடிகள் நகத்தால் பிறாண்டியவை. தரையில் வட்ட வட்டமாகப் பள்ளங்கள், அவை குளிர்காலம் முழுக்கச் சுருண்டு தூங்கிய படுக்கைகள். அதைத் தாண்டிப் போனால் மம்மூத் யானைகள் வரும். இந்தக் குகையில் நூற்றைம்பதுக்கும் மேல் மம்மூத்கள் இருக்கின்றன. கடைசியில் ரயிலை விட்டு இறங்கி ஒரு கூரைக்குக் கீழே நிற்பீர்கள். மம்மூத், காட்டெருமை, குதிரை, மலையாடு எல்லாம் கறுப்புக் கோட்டில் ஒன்றின் மேல் ஒன்றாக. இப்போது நாம் நிமிர்ந்து நிற்க முடிவது பின்னால் தரையைத் தோண்டியதால்தான். வரைந்தவன் காலத்தில் தரைக்கும் கூரைக்கும் இடையில் ஒரு மீட்டர்தான் இருந்தது. அவன் மல்லாந்து படுத்துக்கொண்டு, கைக்கு எட்டிய தூரத்தை மட்டுமே பார்த்தபடி, முழு யானையையும் வரைந்திருக்கிறான். தள்ளி நின்று பார்க்க அவனுக்கு இடமே கிடையாது. இதைப் பையனிடம் அங்கே நின்று சொல்லுங்கள், வீட்டிலேயே சொல்லிவிட வேண்டாம்.

கணவரும் பையனும் மட்டும் இன்னொரு அசலைப் பார்க்கலாம்: லெஸெய்ஸி ஊரில் இருக்கும் ஃபோன் த கோம். பல வண்ணத்தில் தீட்டிய அசல் ஓவியங்களை இன்றும் மக்களுக்குக் காட்டும் குகை அது. ஒரு கலைமான் இன்னொன்றின் நெற்றியை நக்கும் ஓவியம் அங்கேதான் இருக்கிறது. ஒரு நாளைக்குக் கொஞ்சம் பேரைத்தான் விடுவார்கள், அதனால் இணையத்தில் இடம் கிடைக்கும் நாளுக்கு ஏற்றபடி மற்ற நாட்களை மாற்றிக்கொள்ளுங்கள். குகை வாசலுக்கு ஏற்றமான பாதை, உள்ளேயும் குறுகல், அப்பாவுக்கு வேண்டாம். அந்த நேரம் பெரியவர்கள் கீழே ஊரில் உட்காரலாம். சாதாரண ஊர் இல்லை அது. 1868-ல் ரயில் பாதை வேலை நடந்தபோது இந்த ஊரில் ஒரு பாறைக்கு அடியில் கிடைத்த எலும்புகளால்தான், ஐரோப்பாவின் ஆதிமனிதனைக் குறிக்கும் "குரோ மான்யோன் மனிதன்" என்ற பெயரே வந்தது.

செவ்வாய்க்கிழமையை ஆற்றுக்கு ஒதுக்குங்கள். தோர்தோன் ஆற்றின் கரையில் லா ரோக் கஜாக், பாறைச் சுவரை ஒட்டி வரிசையாக வீடுகள். 1957-ல் அந்தப் பாறையே ஒரு பக்கம் பெயர்ந்து வீடுகள் மேல் விழுந்த ஊர். அங்கிருந்து தட்டை அடிப் படகில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவான சவாரி இருக்கிறது. இந்தப் படகுக்கு கபார் என்று பெயர். அந்தக் காலத்தில் ஒயின் பீப்பாய்க்கு வேண்டிய மரம் இதில்தான் கீழ்நோக்கிப் போனது. மேல் ஆற்றிலிருந்து வந்த படகுகளில் பல திரும்பிப் போகவே இல்லை. சரக்கை இறக்கியதும் படகையும் உடைத்து மரமாக விற்றுவிட்டு ஆட்கள் நடந்தே ஊர் திரும்புவார்கள்.

கோட்டை என்றால் பெய்னாக்கும் காஸ்டெல்னோவும். நூறாண்டுப் போரில் ஒன்று பிரெஞ்சுப் பக்கம், இன்னொன்று ஆங்கிலேயர் பக்கம் என்று ஆற்றுக்கு இருபுறமும் முறைத்துக்கொண்டு நின்றவை. காஸ்டெல்னோவில் கல் எறியும் பொறிகளை ஆள் உயரத்துக்கு மேல் செய்து வைத்திருக்கிறார்கள், பையன் நகர மாட்டான். ஏற்றம் கடுமை என்பதால் அங்கே உங்கள் இருவரில் ஒருவரும் பையனும் போனால் போதும்.

எல்லோருக்கும் ஏற்றது மிலாந்த் மாளிகை. அமெரிக்காவில் 1906-ல் பிறந்த கறுப்பினக் கலைஞர் ஜோசஃபின் பேக்கர் பிரான்ஸில் பெரும்புகழ் பெற்றார், இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானியருக்கு எதிராக ரகசிய வேலை செய்தார். 1947-ல் இந்த மாளிகையை வாங்கி, பல நாடுகளிலிருந்து 12 குழந்தைகளைத் தத்தெடுத்து இங்கே வளர்த்தார். நிறம் எதுவானாலும் பிள்ளைகள் ஒன்றாக வளர முடியும் என்று காட்ட நினைத்தார். கடன் முற்றி, 1969-ல் அவரை வெளியேற்றிவிட்டார்கள். போர்வையோடு சமையலறைப் படியில் அவர் உட்கார்ந்திருக்கும் புகைப்படம் உலகமெங்கும் போனது. அந்தப் படியை இன்றும் பார்க்கலாம். 2021-ல் பிரான்ஸ் அவரை, நாட்டின் பெரியோர்களுக்கான நினைவிடமான பாந்தியோனில் வைத்து மரியாதை செய்தது. பாரிஸில் அதையும் பார்த்துவிட்டு வந்தால் அம்மாவுக்குக் கதை முழுசாகும்.

ஒரு அரை நாள் மிஞ்சினால் மோம்பாசியே போங்கள். இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் 1284-ல் நூல் பிடித்தாற்போல் கட்டிய ஊர், சமதளம், முழங்காலுக்கு நிம்மதி. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லாத இடைவெளி விட்டிருப்பார்கள். தீ பரவாமல் இருக்கவும் கழிவுநீர் போகவும் விட்டது. சந்தை மண்டபத்தில் தானியம் அளந்த பழைய மரக்கால்கள் இன்னும் இருக்கின்றன.

ரோக்கமதூர் போகச் சொல்லிப் பலரும் வற்புறுத்துவார்கள். அங்கே கோயிலுக்கு 216 படி. கட்டண லிஃப்ட் இருக்கிறது, ஆனால் சார்லாவிலிருந்து போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இந்த முறை விட்டுவிடுங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது மூன்றுதான்: முதலில் ஃபோன் த கோம் இடம், அப்புறம் ஆட்டோமேட்டிக் கார், அதற்கும் பிறகு வீடு. லாஸ்கோ டிக்கெட்டை அடுத்த மாதம் எடுத்தாலும் போதும்.