மூன்று ஊர், ஒரே கரை: கணினிக் கேள்வி பதில்

கேள்வி: திருகோணமலை நகரில் ஸ்டூடியோ நடத்துகிறேன். கிண்ணியாவிலும் மூதூரிலும் கிளைகள் இருக்கின்றன. நகரத்துக் கணினியின் பேக்கப் ஒவ்வோர் இரவும் இரண்டு கிளைகளுக்கும் தானாகப் போகும்படி என் மகன் அமைத்துத் தந்திருக்கிறான். பதினான்கு நாள் தாண்டிய பிரதிகள் மூன்று இடத்திலும் அழிந்துவிடும். இது போதுமா? இன்னும் நீண்ட காலம் வைத்திருக்க இடம் காணுமா?
— ஸ்டூடியோ உரிமையாளர், திருகோணமலை

பதில்: பேக்கப்பை வேறு ஊருக்கு அனுப்ப நினைத்ததே நல்ல காரியம், ஐயா. மகனுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். ஆனால் இது போதாது.

முதலில் இடத்தைப் பாருங்கள். மூன்று ஊரும் கொட்டியாரக்குடாவைச் சுற்றியே இருக்கின்றன. 2004 டிசெம்பர் 26 காலையில் கடல் மூன்று ஊருக்குள்ளும்தான் புகுந்தது. மூதூரில் என் பெரியம்மா வீட்டில் அதற்கு முந்திய படம் ஒன்றுகூட இல்லை. அவருடைய கலியாணப் படம் எடுத்த ஸ்டூடியோவிலும் எதுவும் மிஞ்சவில்லை. ஆகவே ஒரு பிரதி வவுனியாவுக்கோ கண்டிக்கோ போகட்டும். உறவினர் வீட்டு அலமாரியில் ஒரு சிறிய கணினியும் பெரிய டிஸ்க்கும் போதும்.

அதைவிடப் பெரிய ஆபத்து அந்தப் பதினான்கு நாளில் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்து கலியாணம் முடித்துத் திரும்பியவர்கள் ஆல்பத்துக்கான படங்களைத் தெரிந்து அனுப்ப மூன்று மாதமும் ஆகும். அதற்குள் யாரோ அந்தக் கோப்புறையைத் தவறுதலாக அழித்திருந்தால்? பதினைந்தாம் நாள் அது நகரத்திலும் இல்லை, கிண்ணியாவிலும் இல்லை, மூதூரிலும் இல்லை. கிளைகள் நகரத்தைப் பார்த்து அப்படியே எழுதுகின்றன. நகரம் இழந்ததை அவையும் இழக்கின்றன.

எனவே ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனிக் காலக்கெடு கொடுங்கள். நகரத்தில் பதினான்கு நாள் பிரதிகள் இருக்கட்டும். கிண்ணியாவில் ஏழு நாள் பிரதிகளோடு, வாரத்துக்கு ஒன்றாக எட்டுப் பிரதிகள். வவுனியாவிலோ கண்டியிலோ வைக்கும் உள்நாட்டுக் கணினியில் மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு பிரதிகள், அதன் மேல் ஆண்டுக்கு ஒன்று. மூதூர் இப்போதுள்ளபடியே இருக்கலாம். பிரதி எடுக்கும் மென்பொருளில் ‘மூலத்தில் இல்லாததை இங்கும் அழி’ என்ற பொருளில் ஒரு தெரிவு இருக்கும். ஆர்சிங்க் என்றால் ‘டிலீட்’, ப்ரொக்ஸ்மொக்ஸ் பேக்கப் சேர்வர் என்றால் ‘ரிமூவ் வானிஷ்ட்’. கிண்ணியாவிலும் உள்நாட்டிலும் அது அணைந்திருக்க வேண்டும். பழையதை எப்போது நீக்குவது என்பதை அந்தந்தக் கணினியே தீர்மானிக்கட்டும்.

இன்னொன்றையும் மகனிடம் கேளுங்கள்: விதி நாளை எண்ணுகிறதா, பிரதிகளை எண்ணுகிறதா? ‘பதினான்கு நாளுக்கு மேற்பட்டதை அழி’ என்று எழுதியிருந்தால், ஏதோ கோளாறில் பேக்கப் நின்றுபோன பிறகும் அழிக்கும் வேலை தன்பாட்டில் நடக்கும். இரண்டு வாரத்தில் ஒன்றும் மிஞ்சாது. ‘கடைசிப் பதினான்கு பிரதிகளை வை’ என்று மாற்றினால் இந்த விபத்து நேராது.

இடத்தைப் பற்றி நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. எடுத்த படம் பெரும்பாலும் மாறுவதில்லை. ரெஸ்டிக், ப்ரொக்ஸ்மொக்ஸ் போன்ற பேக்கப் மென்பொருள்கள் மாறாத தரவை ஒருமுறை மட்டுமே சேமிக்கும். பன்னிரண்டு மாதப் பிரதிகள் பன்னிரண்டு மடங்கு இடத்தை எடுக்காது. ஒவ்வொரு முறையும் முழுவதையும் ஸிப் கோப்பாக்கும் வழக்கம் இருந்தால்தான் டிஸ்க் நிரம்பும். அதை விட்டுவிடுங்கள்.

உள்நாட்டுக் கணினியின் கடவுச்சொல் நகரத்துக் கணினியில் இருக்கவே கூடாது. அங்குள்ள கணினியே, வாசிக்க மட்டும் அனுமதியுள்ள கணக்கு மூலம், நகரத்திலிருந்து பிரதியை இழுத்துக்கொள்ளட்டும். 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மின்னஞ்சல் சேவையை ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் தீய மென்பொருள்) தாக்கியபோது, இணைப்பிலிருந்த பேக்கப்பும் சேர்ந்தே பாழானது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போய்விட்டன. நகரத்துக் கணினிக்குள் புகுந்தவன் உள்நாட்டுப் பிரதியைத் தொட வழியே இருக்கக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

முதல் பிரதியை இணையத்தில் அனுப்பிக் காத்திருக்க வேண்டாம். பதிவேற்ற வேகம் 10 எம்பிபிஎஸ் என்றால் ஒரு டெராபைட் போய்ச் சேர ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். டிஸ்க்கைக் குறியாக்கம் செய்து (கடவுச்சொல் இல்லாமல் யாரும் வாசிக்க முடியாதபடி பூட்டி), பஸ்ஸில் கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள். பிறகு புதிதாக எடுத்தவை மட்டும் இரவில் போகும். குறியாக்கக் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி இரண்டு வீட்டில் வையுங்கள். மாதம் ஒருமுறை உள்நாட்டுப் பிரதியிலிருந்து ஏதாவதொரு பழைய கலியாணத்தை மீட்டுத் திறந்து பாருங்கள்.

கேள்வி: வினாத்தாள்களைக் கணினியிலிருந்து கூகுள் டிரைவுடன் ஒத்திசைக்கிறேன். தனியாக பேக்கப் வேண்டுமா?
— ஆசிரியை, மூதூர்

பதில்: வேண்டும். கணினியில் அழிப்பது டிரைவிலும் அழியும். அங்கே குப்பைத்தொட்டியில் 30 நாள் மட்டுமே இருக்கும். தவணை முடியும்போதெல்லாம் ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்து, கணினியிலிருந்து கழற்றி வீட்டில் வையுங்கள்.