சொந்த வளவுதான், ஆனாலும் பலாவில் கை வைக்க முடியாது

கேள்வி: ஆரையம்பதியில் மாமியின் பெயரில் உள்ள வளவில் இளைய மகளுக்கு வீடு கட்டப்போகிறோம். நடுவில் காய்க்கிற பலா, மூலையில் ஈரப்பலா, வேலியோரம் இரண்டு பனை. மர வியாபாரி ஒருவர், "சொந்தக் காணிதானே, போயா அன்று வெட்டி ஏற்றிவிடலாம்" என்கிறார். செய்யலாமா ஐயா?

பதில்: தம்பி, ஏன் போயா என்று அவரிடம் கேட்டீர்களா? அன்று கந்தோர் பூட்டு. நான் கிராம உத்தியோகத்தராக இருந்த காலத்திலும் லீவு நாளில்தான் வாள் சத்தம் கேட்கும்.

1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் (கட்டுப்பாடு) சட்டத்தின் கீழ் பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றையும் அனுமதியில்லாமல் வெட்டக்கூடாது. சொந்தக் காணி என்ற கதை இங்கே எடுபடாது. அரிசி இல்லாத நாளில் அடுப்பெரிய வைத்த மரங்கள் இவை. சட்டம் இவற்றைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

பனையை முதலில் அண்ணாந்து பாருங்கள். குலையில் காய் இருந்தால் பெண். விரல் விரலாகப் பாளை மட்டும் தொங்கினால் ஆண். பருவம் இல்லையென்றால் அடியில் பழைய பனங்கொட்டை கிடக்கிறதா என்று தேடுங்கள். வடலியில் இதொன்றும் தெரியாது.

விண்ணப்பம் மண்முனைப்பற்றுப் பிரதேச செயலகத்துக்கு. உறுதி மாமியின் பெயரில் இருப்பதால் அவரே கையெழுத்திடட்டும். உங்கள் கிராம உத்தியோகத்தர் நேரில் வந்து பார்த்து அறிக்கை கொடுப்பார். அவர் வரும்போது வீட்டு வரைபடம் கையில் இருக்க வேண்டும். ஒரு வீட்டில் வரைபடத்தை என் மோட்டார் சைக்கிள் சீற்றில் விரித்து, குசினியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினோம். பலா தப்பியது, அனுமதியும் தேவைப்படவில்லை. உங்கள் பலா நடுவில் நிற்கிறது, சரி. மூலையில் நிற்கும் ஈரப்பலா வீட்டுக்கு என்ன இடைஞ்சல்?

அப்புறம் ஒன்று. வெட்ட அனுமதி கிடைத்தாலும், மரத்தை லொறியில் கொண்டுபோகத் தனி அனுமதிப்பத்திரம் வேண்டும். அது வனச் சட்டத்தின் கீழ் வருவது. வியாபாரி "அதை நான் பார்க்கிறேன்" என்பார். பார்க்கட்டும், ஆனால் பத்திரத்தைக் கண்ணால் கண்டு, ஒரு பிரதியும் வாங்கிக்கொண்ட பிறகுதான் லொறி உங்கள் படலையைத் தாண்ட வேண்டும். வழியில் பொலிஸ் மறித்தால் முதலில் கேட்பது எந்தக் காணி மரம் என்றுதான்.

கேள்வி: பக்கத்து வளவு வேம்பு எங்கள் கூரைக்கு மேலே சாய்ந்து நிற்கிறது. கேட்டால் சண்டை. மாரிக்கு முன் என்ன செய்யலாம்? (கல்லடி வாசகி)

பதில்: வேம்பு அந்த மூன்றில் இல்லை, தங்கச்சி. அதற்காக வேலி தாண்டிப் போய்க் கத்தி வைத்துவிடாதீர்கள், மரம் அவருடையது. ஆபத்தான மரம் என்று மட்டக்களப்பு மாநகர சபைக்கு எழுதி, மண்முனை வடக்குப் பிரதேச செயலாளருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். மரத்தை மட்டும் படமெடுத்தால் போதாது. வேர் கிளம்பிய இடமும் கூரையும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். உங்கள் வீட்டில் 1978 நவம்பர் சூறாவளியைக் கண்ட பெரியவர் யாராவது இருந்தால், கடிதம் எழுதுவதற்கு முன் அவரை அனுப்பிப் பேசிப் பாருங்கள். கடிதத்தைவிட அது வேகமாக வேலை செய்ததைக் கண்டிருக்கிறேன். கடிதம்தான் வழி என்றால், கையளிக்கும்போதே உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்கிவிடுங்கள்.